டிரம்மில் கலர் பிரிண்ட்: ஓரத்தில் ரோஸ் கறை, ஒரு பக்கம் நீலப் பட்டை

பவானிக்கூடல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. வீட்டு இருட்டறையில் கலர் நெகட்டிவிலிருந்து 8×10 பிரிண்ட் போடுகிறேன். பேப்பர், கெமிக்கல் இரண்டும் ஆர்ஏ-4, அதாவது இப்போதைய கலர் பிரிண்ட் செய்முறை. டிரேயில் இல்லை, டிரம்மில். இருட்டில் பேப்பரைச் சுருட்டி உள்ளே தள்ளி மூடிவிட்டு, விளக்கைப் போட்டு உருட்டுகிற பழைய பிளாஸ்டிக் டிரம். பழைய சாமான் கடையில் கிடைத்தது. உட்சுவர் வழவழவென்று இருக்கிறது. மேலே இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோனதால் எவ்வளவு மருந்து ஊற்றுவது என்பதுகூட அதில் இல்லை.

செய்முறை: தண்ணீரில் முன்நனைப்பு 30 விநாடி. டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) 60 மில்லி, 35 டிகிரி, 45 விநாடி. வடித்துவிட்டு நேராக பிளிக்ஸ் (வெள்ளியை நீக்கிப் படத்தை நிலைநிறுத்தும் மருந்து) ஒரு நிமிடம். அப்புறம் கழுவல். டிரம்மை நிமிர்த்தி வைத்து மருந்தை ஊற்றி, தரையில் சாய்த்து, கையால் உருட்டுகிறேன்.

ஒரு ஜமுக்காளத் தறிப் படம் போட்டேன். குழித்தறி, பக்கத்தில் நூல்கண்டு, பின்னால் சுண்ணாம்படித்த சுவர். நூலின் சிவப்பும் பச்சையும் அருமையாக வந்திருக்கின்றன. ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று, வெள்ளை ஓரத்தில் ரோஸ் நிறத்தில் கறை. சில இடங்களில் நாக்கு நீட்டியதுபோல் படத்துக்குள்ளேயும் நுழைகிறது. இரண்டாவது, ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குச் சுவர் வெளிறி நீலமாக இருக்கிறது. எல்லா பிரிண்டிலும் ஏதோ ஒரு வடிவில் இந்த இரண்டும் வருகின்றன. எங்கிருந்து பிடிப்பது?

வெள்ளலூரான் எழுதியது:

முதலில் ஒன்று கேட்கிறேன். காய்ந்த பிறகு பார்த்தீர்களா, ஈரத்தோடு பார்த்தீர்களா? ஆர்ஏ-4 பேப்பர் ஈரமாக இருக்கும்போது பால் கலந்த நீலமாகத்தான் தெரியும். பாதி காய்ந்து பாதி ஈரமாக இருந்தால் திட்டுத்திட்டாகக் கறை மாதிரியே இருக்கும். ஹேர் டிரையர் காட்டி முழுக்கக் காயவைத்துப் பாருங்கள். ஈரத்தில் கலர் பார்த்து, பிரிண்ட் போடும்போது வைக்கிற கலர் ஃபில்டரை மாற்றவும் கூடாது.

பவானிக்கூடல் எழுதியது:

ராத்திரி கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததுங்க. நன்றாகக் காய்ந்த பிறகும் இருக்கிறது.

பழைய லேப் எழுதியது:

தம்பி, நீங்கள் ஓரத்தையும் படத்தையும் தனித்தனியாகச் சொன்னதே பாதி வேலையை முடித்துவிட்டது. டிரம் கறை என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: படத்தைப் பார்க்காதே, வெள்ளை ஓரத்தைப் பார்.

பிரிண்ட் போடும்போது பேப்பரைப் பிடித்திருக்கும் சட்டத்தின் (ஈசல்) தகடு மறைத்த அந்த ஓரத்தில் வெளிச்சம் பட்டிருக்காது. வெளிச்சம் படாத இடத்தில் டெவலப்பர் கொஞ்சம் குறைந்தாலும் கூடினாலும், முன்னே பட்டாலும் பின்னே பட்டாலும் ஒன்றும் தெரியாது. அங்கே நிறம் வந்தால் அது படத்தின் நிறமே இல்லை. மருந்து மருந்தோடு கலந்து பிறந்த கறை, அல்லது பேப்பரே புகைந்திருக்கிறது (பழசாகியோ சூடு பட்டோ தானாக மங்கியிருக்கிறது). ஓரம் வெள்ளையாக இருந்து, படத்துக்குள் மட்டும் பட்டை விழுந்தால் டெவலப்பர் சமமாகச் சேரவில்லை என்று பொருள். உங்களுக்கு இரண்டு நோயும் ஒன்றாக வந்திருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் தேடினால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கூடும். ரோஸை முதலில் முடியுங்கள். நீலத்தை இப்போதைக்கு அப்படியே விடுங்கள்.

பேப்பர் புகைந்திருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. இருட்டில் ஒரு துண்டு பேப்பரை வெட்டி, டெவலப்பர் காட்டாமல் பிளிக்ஸில் மட்டும் போட்டுக் கழுவுங்கள். அந்தப் பேப்பரால் கொடுக்க முடிந்த மிக வெள்ளையான வெள்ளை அதுதான். இன்னொரு துண்டை, வெளிச்சமே காட்டாமல், முழுச் செய்முறையில் ஓட்டுங்கள். இரண்டையும் காயவைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது துண்டு முழுக்க ஒரே சீராக மங்கலாக இருந்தால் பேப்பர் பழசு, அல்லது வெயிலில் வெந்தது. நம் ஊர் ஏப்ரல் மே மாதங்களில் அட்டைப்பெட்டியோடு பரணில் கிடந்த பேப்பரை நம்பவே கூடாது. திட்டுத்திட்டாக, ஓரமாக மட்டும் கறை இருந்தால் செய்முறைதான் காரணம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது ஒரு வரி: "வடித்துவிட்டு நேராக பிளிக்ஸ்". கடைகளில் பிரிண்ட் போடும் மினிலேப் மெஷினில் டெவலப்பரிலிருந்து நேராக பிளிக்ஸுக்குத்தான் பேப்பர் போகும். ஆனால் அங்கே இரண்டு தொட்டிக்கும் நடுவில் ரப்பர் ரோலர்கள் பேப்பரை இரண்டு பக்கமும் பிழிந்து அனுப்பும். டிரம்மில் பிழிய யார் இருக்கிறார்கள்?

சாயப்பட்டறை எழுதியது:

நான் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறேன். போட்டோ கெமிக்கல் எனக்குப் பொழுதுபோக்குதான். ஆனால் பழைய லேப் ஐயா சொன்னதை எங்கள் தொழிலின் கண்ணோடு பார்த்தால் எனக்கு நன்றாகவே புரிகிறது.

கலர் டெவலப்பரில் சிடி-3 என்ற மருந்து இருக்கிறது. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை அது வெள்ளியாக மாற்றும்போது அதுவே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்படி மாறிய மருந்து பேப்பருக்குள் இருக்கிற கப்ளர் என்ற மூலப்பொருளோடு சேர்ந்துதான் சாயம் உண்டாகிறது. அதாவது சாயம் பிறக்கத் தேவையானது ஆக்சிஜனேற்றம் அடைந்த சிடி-3. அதை யார் ஆக்சிஜனேற்றினார்கள் என்று கப்ளர் பார்க்காது.

பிளிக்ஸில் இருப்பது இரும்பு சேர்ந்த இடிடிஏ. அதன் வேலையே ஆக்சிஜனேற்றுவது. பேப்பரில் டெவலப்பர் தங்கியிருக்கும்போது பிளிக்ஸை ஊற்றினால், வெள்ளி இல்லாத இடத்திலும் சிடி-3 மாறி, அங்கேயே சாயம் பிடிக்கும். உங்கள் ரோஸ் நாக்குகள் அதுதான் என்று நினைக்கிறேன். டெவலப்பர் எங்கெங்கே அதிகம் தங்கியதோ அங்கெங்கே கறை.

இந்தச் சேர்க்கை நடக்கக் காரத்தன்மை வேண்டும். டெவலப்பரின் பிஹெச் பத்துக்கு மேல். நடுவில் ஒரு அமிலக் குளியல் கொடுத்தால் அந்த இடத்திலேயே வேலை நின்றுவிடும். நாங்கள் பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போட்டபின் அசிட்டிக் அமிலம் விட்டுக் காரத்தை முறிக்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை. அதைத் தள்ளிவிட்டால் சோப்பிங்கில் (சோப்பு நீரில் அலசுவதில்) என்ன ஆகும் என்று எங்கள் சூப்பர்வைசர்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

இந்த அமிலக் குளியலுக்கு, அதாவது ஸ்டாப் பாத்துக்கு, பெரிய செலவு இல்லை. கடை வெள்ளை வினிகர் நாலைந்து சதவீத அசிட்டிக் அமிலம். ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் ஒரு சதவீதம் கிடைக்கும், போதும். அடர் அசிட்டிக் அமிலம் கிடைத்தால் லிட்டருக்கு 20 மில்லி. தண்ணீரில் அமிலத்தை விடுங்கள், அமிலத்தில் தண்ணீரை விடாதீர்கள். மூடிய அறையில் அந்த நெடி ஆகாதவர்கள் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) லிட்டருக்கு 15 கிராம் கரைத்துக்கொள்ளலாம். கையுறை கட்டாயம். சிடி-3 சிலருக்குத் தோலில் ஒவ்வாமை கிளப்பும். ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் அந்த மருந்தின் பக்கமே போக முடியாது.

ஊத்துக்குளி எழுதியது:

ஸ்டாப் பாத் சரிங்க. ஆனால் எனக்கு முன்நனைப்பின் மேல்தான் சந்தேகம். டிரம்முக்குள் 60 மில்லி டெவலப்பர்தான் போகிறது. முன்நனைப்புத் தண்ணீர் சுவரிலும் பேப்பரிலும் மூடியிலும் 15 மில்லி தங்கினால், டெவலப்பரில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஆகிவிடும். அதுவும் எல்லா முறையும் ஒரே அளவாகத் தங்காது. ஒரு பிரிண்டுக்கும் அடுத்ததுக்கும் கலர் மாறும். நான் முன்நனைப்பை விட்டுவிட்டேன். காய்ந்த டிரம், காய்ந்த பேப்பர், நேராக டெவலப்பர். ஒழுங்காகத்தான் வருகிறது.

பழைய லேப் எழுதியது:

ஒழுங்காக வருகிறது என்றால் நீங்கள் மாற்ற வேண்டாம். ஆனால் புதிதாக ஆரம்பிப்பவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். காய்ந்த பேப்பரில் டெவலப்பர் முதலில் தொட்ட இடம் உடனே ஊறி வேலையை ஆரம்பித்துவிடும், மற்ற இடம் காத்திருக்கும். 45 விநாடி வேலையில் மூன்று நாலு விநாடி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். டிரம்முக்குச் சூடு ஏற்றுவதும் முன்நனைப்புத்தான். தண்ணீர் தங்குவது பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. அதற்கு வழி, டிரம்மைத் தலைகீழாகப் பிடித்து நல்லா உதறி 15 விநாடி வடியவிடுவது. ஒவ்வொரு முறையும் அதே 15 விநாடி. தங்குவது தங்கட்டும், எல்லா முறையும் ஒரே அளவாகத் தங்கட்டும்.

சாயப்பட்டறை எழுதியது:

இதில் நான் லேப் ஐயா பக்கம். காய்ந்த துணியைச் சாயத்துக்குள் விட்டால் பேட்ச் (திட்டு) அடிக்காமல் இருக்காது.

சென்னிமலை எழுதியது:

நானும் டிரம்தான் வைத்திருக்கிறேன், அதனால் இன்னொரு இடத்தைக் காட்டுகிறேன். பேப்பரின் முதுகு.

"உட்சுவர் வழவழ" என்று பவானிக்கூடல் எழுதியிருக்கிறார். சில டிரம்களில் உட்சுவரில் மேடு மேடாக வரி ஓடும். பேப்பர் அந்த மேட்டில் உட்காரும், பின்பக்கமும் தண்ணீர் புகுந்து வெளியே வரும். வழவழப்பான சுவரில் ஈரப் பேப்பர் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் டெவலப்பர் மாட்டிக்கொண்டு, வடித்தாலும் வடியாமல், பிளிக்ஸ் ஊற்றியபின் மெதுவாக ஓரங்கள் வழியாக முன்பக்கம் கசியும். கறை ஏன் ஓரத்தில் ஆரம்பித்து நாக்கு நீட்டிக்கொண்டு உள்ளே வருகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

அதனால் ஸ்டாப் பாத் ஊற்றினால் மட்டும் போதாது, அது முதுகுப் பக்கம் போக வேண்டும். பிளாஸ்டிக் கொசுவலையை (ஜன்னலுக்கு அடிப்பது, கம்பிவலை கூடவே கூடாது) பேப்பர் அளவுக்கு வெட்டி, முதலில் வலையைச் சுவரோடு வைத்து அதன் மேல் பேப்பரை வைத்துப் பாருங்கள். இருட்டில் கொஞ்சம் பழக வேண்டும், பகலில் வீணான பேப்பரை வைத்துப் பழகிக்கொள்ளலாம். வலையையும் ஒவ்வொரு பிரிண்டுக்கும் கழுவ வேண்டும், அதை மறந்தால் வலையே கறைக்குக் காரணம் ஆகிவிடும்.

அப்புறம் மூடி. வெளிச்சம் புகாமல் இருக்க மூடிக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தடுப்பு வைத்திருப்பார்கள். அந்தச் சந்தில் போன பிரிண்டின் பிளிக்ஸ் உட்கார்ந்திருக்கும். பிளிக்ஸ் சில சொட்டு டெவலப்பரில் விழுந்தாலே அது கெட்டது. கழுவிவிட்டோம் என்று நினைத்த மூடிக்குள் வெள்ளை டிஷ்யூவை முறுக்கி விட்டு எடுத்துப் பாருங்கள். செம்பழுப்பாக வந்தால் இன்னும் கழுவ வேண்டும். அளவுக் குடுவைகளும் தனித்தனி. டெவலப்பருக்கு ஒன்று, பிளிக்ஸுக்கு ஒன்று, மேலே பட்டையாகக் கலர் டேப். இருட்டு அவசரத்தில் கைக்கு அடையாளம் தெரிய, பிளிக்ஸ் குடுவையில் ஒரு ரப்பர் பேண்டும் போட்டிருக்கிறேன்.

கடைசியாக, பேப்பரை டிரம்முக்குள் விடும்போது மூடிப் பக்கம் வரும் ஒரு மூலையைக் கத்தரியால் சின்னதாக நறுக்கிவிடுங்கள். காய்ந்தபின் கறை டிரம்மின் எந்தப் பக்கம் வந்தது என்று அந்த மூலை சொல்லும். அது தெரியாமல் கறையைத் துரத்துவது வீண் வேலை.

பவானிக்கூடல் எழுதியது:

எல்லோரும் சொன்னதைச் செய்து பார்த்தேன். மூலை நறுக்கும் யோசனைக்கு சென்னிமலை அக்காவுக்குத் தனியாக நன்றி.

பிளிக்ஸில் மட்டும் போட்ட துண்டும், வெளிச்சம் காட்டாமல் முழுச் செய்முறையில் ஓட்டிய துண்டும்: நடுப்பகுதி இரண்டிலும் ஒரே வெள்ளை. ஆக பேப்பர் நல்ல பேப்பர். இரண்டாவதில் ஓரத்தில் மட்டும் ரோஸ்.

மூடிக்குள் டிஷ்யூ விட்டபோது தேநீர் வடிகட்டியைத் துடைத்த மாதிரி வந்தது. மூடியைக் கழற்ற முடிந்த அளவு கழற்றி வெந்நீரில் ஊறவைத்தேன்.

எலுமிச்சை உப்பில் ஸ்டாப் பாத், 30 விநாடி. அதன்பின் தண்ணீர் இரண்டு முறை மாற்றி, அப்புறம் பிளிக்ஸ். ரோஸ் பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் சுவரோடு ஒட்டியிருந்த ஒரு நீள ஓரத்தில் மயிரிழை அளவுக்கு இருந்தது. கொசுவலை வைத்தபின் அதுவும் இல்லை. ஓரம் நான்கு பக்கமும் சுத்த வெள்ளை. ஜமுக்காளத்தின் கறுப்புப் பட்டைகூட இப்போது அழுத்தமாகத் தெரிகிறது, முன்பு அதன் மேலும் ஒரு படலம் இருந்திருக்கிறது போல.

நீலப் பட்டை மட்டும் அசையவில்லை. நறுக்கிய மூலையை வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் மூடிப் பக்கம்தான். அதன் நேர் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது.

பழைய லேப் எழுதியது:

இனி அது மருந்து கலந்த கறை இல்லை, டெவலப்பர் போதாத இடம். அது ஏன் நீலமாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், தெரிந்தால் அடுத்த முறை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

கலர் பேப்பரில் மூன்று அடுக்கு. மேலே சியான் (பச்சை கலந்த நீலம்) சாயம் தரும் அடுக்கு, நடுவில் மெஜந்தா (நீலம் கலந்த சிவப்பு), எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள். டெவலப்பர் மேலிருந்து இறங்குகிறது. நேரம் போதவில்லை என்றால் முதலில் ஏமாறுவது அடியில் இருக்கும் மஞ்சள். மஞ்சள் குறைந்த இடம் வெளிறி நீலமாகத் தெரியும். அதனால்தான் சாம்பலும் வெள்ளையுமான உங்கள் சுண்ணாம்புச் சுவரில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கிறது. சிவப்பு நூலில் அது கண்ணுக்கே படாது.

இன்னொன்று. இந்த மாதிரி டிரம்கள் பெரும்பாலும் ஆர்ஏ-4க்கு முந்தைய இபி-2 செய்முறை காலத்துச் சரக்கு. அந்தச் செய்முறையில் டெவலப்பர் 33 டிகிரியில் மூன்றரை நிமிடம் ஓடும். ஊற்ற ஐந்து விநாடி, சாய்க்க மூன்று விநாடி போனாலும் மூன்றரை நிமிடத்தில் அது ஒன்றுமே இல்லை. 1980களில் ஆர்ஏ-4 வந்தது. பேப்பர்மேல் வெள்ளி குளோரைடு நிறைந்த பூச்சு (எமல்ஷன்), 45 விநாடியில் வேலை முடியும். அது மெஷினுக்காகக் கணக்குப் போட்ட 45 விநாடி. மெஷினில் பேப்பர் முழுகிப் போகிறது, மருந்து பம்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாம் 60 மில்லியை ஒரு குழாய்க்குள் ஊற்றி உருட்டுகிறோம். மெஷின் நேரத்தைத் துல்லியமாகப் பின்பற்றுவதே இங்கே கறைக்கு வழி.

நல்ல செய்தி, ஆர்ஏ-4 முடிவை நோக்கி ஓடி நின்றுவிடுகிற செய்முறை. சாயம் முழுக்க வந்த இடத்தில் கூடுதல் நேரம் பெரிதாக எதையும் சேர்க்காது, வராத இடம் வந்து சேர்ந்துகொள்ளும். அதே 35 டிகிரியில் ஒன்றேகால், ஒன்றரை நிமிடம் கொடுங்கள். மிகையாகப் போனால் வெள்ளை மங்க ஆரம்பிக்கும். அதற்குத்தான் வெளிச்சம் படாத ஒரு துண்டை எப்போதும் கூடவே ஓட்டிப் பார்ப்பது.

வெள்ளலூரான் எழுதியது:

நேரத்தைக் கூட்டுவதைவிட அளவைக் கூட்டலாமே? 60க்குப் பதில் 150 மில்லி. டிரம் முழுக்க மருந்து இருந்தால் எந்த மூலையும் காயாது. கெமிக்கல் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

சென்னிமலை எழுதியது:

அளவைக் கூட்டலாம், ஆனால் இவர் டிரம்மை நிமிர்த்தி வைத்து ஊற்றுகிறார். நிமிர்ந்த டிரம்மில் மருந்து அடியில் தேங்கும். பேப்பரின் கீழ் விளிம்புக்கு அடியில் மட்டம் இருக்கும்வரை சரி. மட்டம் ஏறி விளிம்பைத் தொட்டால், சாய்ப்பதற்கு முன்பே அந்த இடம் டெவலப் ஆக ஆரம்பித்துவிடும். கோடு போட்டதுபோல் நேரான பட்டை அடிப்பக்கம் வரும். கூட்டுவதற்கு முன், வெளிச்சத்தில் வீணான பேப்பரை உள்ளே வைத்து, தண்ணீர் ஊற்றி, எவ்வளவில் விளிம்பு நனைகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அந்த அளவுக்கு ஒரு 20 மில்லி கீழே நின்றுவிடுங்கள்.

பவானிக்கூடல், எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது வேறு. தரையில் உருட்டுகிறேன் என்றீர்கள். எந்தத் தரை?

பவானிக்கூடல் எழுதியது:

பின்கட்டுத் தரைங்க அக்கா. குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, சிந்தினாலும் பயமில்லை.

சென்னிமலை எழுதியது:

பின்கட்டு என்றால் தண்ணீர் ஓட வாட்டம் விட்டுத்தானே போட்டிருப்பார்கள்! டிரம்மை வாட்டத்தின் நெடுக்கே வைத்தால் ஒரு முனை தாழும். 60 மில்லி மருந்து என்பது டிரம்மின் அடியில் மெல்லிய கோடாகத்தான் ஓடும். ஒரு முனை தாழ்ந்தால் அந்தக் கோடு மறு முனையை எட்டாது. நீங்கள் மூடிப் பக்கத்தை எந்தப் பக்கம் வைத்து உட்காருகிறீர்கள் என்று பாருங்கள். மேட்டுப் பக்கம் என்றுதான் நினைக்கிறேன்.

ரசமட்டம் ஒன்று வாங்கி டிரம்மின் முதுகில் வைத்துப் பாருங்கள். மேசைக்கு மாறி, காலுக்கு அட்டை கொடுத்து மட்டம் பிடியுங்கள்.

பவானிக்கூடல் எழுதியது:

மேட்டுப் பக்கமேதான். குழாய்க்கு எதிரே உட்கார்ந்து உருட்டும்போது மூடி என் வலது கைப் பக்கம், அங்கேதான் தரை உயரம். ரசமட்டத்தின் குமிழி கோட்டைத் தாண்டி ஓரமாகப் போய் நின்றது.

மேசைக்கு மாறினேன். மட்டம் பிடித்தபின் அதே 60 மில்லி, அதே 45 விநாடி ஓட்டிப் பார்த்தேன், ஒரு காரணத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்பதற்காக. பட்டை முக்கால்வாசி போய்விட்டது. உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு மேகம்போல் கொஞ்சம் மிச்சம். அப்புறம் தண்ணீர் ஊற்றி அளந்ததில் என் டிரம்மில் 110 மில்லியில் பேப்பர் விளிம்பு நனைகிறது. 90 மில்லியும் ஒன்றேகால் நிமிடமும் வைத்தேன். சுவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே சாம்பல். காரை பெயர்ந்த இடம், ஆணி அடித்த ஓட்டை, எல்லாம் தெரிகின்றன. அது பட்டையாக இருந்தபோது இந்த ஓட்டையை நான் கவனித்ததே இல்லை.

ஊத்துக்குளி எழுதியது:

மகிழ்ச்சி. ஒரு சேர்க்கை. நம் பக்கம் 35 டிகிரிக்காக மெனக்கெட வேண்டியதே இல்லாத மாதங்கள் இருக்கின்றன. ஈரோடு, கரூர் பக்கம் கோடையில் பகல் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் அறைக்குள் வைத்த பாட்டில் தானாகவே 35க்குப் பக்கத்தில் இருக்கும். அப்போது கவலை சூடு குறைவதல்ல, கூடுவது. மாடித் தொட்டித் தண்ணீரை மதியம் முன்நனைப்புக்குப் பிடித்தால் கை சுடும். ஒரு குடம் முன்கூட்டியே பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள்.

மார்கழியில் கோவைப் பக்கம் ராத்திரி 20 டிகிரிக்கு இறங்கும். அப்போது நான் சூடுபடுத்தவே மாட்டேன். அறை வெப்பத்திலேயே டெவலப்பர் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டுவேன். மெதுவாக நடக்கிற வேலை, அதனால் ஊற்றும் நேரம், சாய்க்கும் நேரம் எல்லாம் அதில் கரைந்துவிடும். கலர் கொஞ்சம் நகரும், ஃபில்டரில் பிடித்துக்கொள்ளலாம். கையால் உருட்டுகிறவர்களுக்கு இது நிம்மதியான வழி.

கொடுமுடி எழுதியது:

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். எனக்குப் பட்டையும் இல்லை, நாக்கும் இல்லை. பட்டாணி அளவில் வட்ட வட்டமாகப் புள்ளிகள், படம் முழுக்கச் சிதறி. ஒரு பிரிண்டில் வரும், ஒன்றில் வராது. பேப்பரை ஃபிரிட்ஜில்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பழைய லேப் எழுதியது:

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து எவ்வளவு நேரம் கழித்து உறையைத் திறக்கிறீர்கள்? குளிர்ந்த பேப்பரை ஈரக்காற்றில் திறந்தால் அதன்மேல் பனி கோக்கும். இருட்டில் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சொட்டு விழுந்த இடம் மட்டும் முன்பே ஊறிவிடும். சாயங்காலம் பிரிண்ட் போடுவதென்றால் காலையிலேயே உறையைத் திறக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். முதல் பிரிண்டில் வந்து, நேரம் போகப் போகக் குறைந்தால் இதுதான் காரணம்.

நேரெதிராக, முதல் பிரிண்ட் நன்றாக இருந்து இரண்டாவதிலிருந்து புள்ளி வந்தால் டிரம் காயவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சொட்டுகள் பேப்பரின் முகத்தில் பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் துண்டால் துடைத்து, மூடியை ஊதி, காயவைத்துத்தான் அடுத்த பேப்பர். முடிந்தால் இரண்டு டிரம் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள். எந்தப் பிரிண்டில் வருகிறது என்று வரிசை எண்ணைப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவாருங்கள்.

கொடுமுடி எழுதியது:

முதல் இரண்டில்தான் வருகிறது ஐயா. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே திறப்பேன். காலையிலேயே எடுத்து வைத்துப் பார்க்கிறேன்.

சாயப்பட்டறை எழுதியது:

ஒரு வேண்டுகோள். ஒருமுறை ஊற்றிக் கொட்டுகிற முறை என்பதால் கழிவு சேரும். பிளிக்ஸைப் பின்கட்டுச் சாக்கடையில் விடாதீர்கள். அதில் பேப்பரிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. சாக்கடை கடைசியில் பவானியிலோ காவிரியிலோ நொய்யலிலோதான் சேரும். நொய்யலுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் எங்கள் தொழில் செய்ததை நாங்கள் பார்த்தவர்கள். கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற உத்தரவை நிறைவேற்றாததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடவே சொல்லிவிட்டது. வீட்டில் செய்கிறவர்கள் அளவு சின்னது, ஆனாலும் வெள்ளி வெள்ளிதான்.

பழைய பிளிக்ஸை ஒரு பிளாஸ்டிக் கேனில் தனியாகச் சேர்த்து வையுங்கள். டெவலப்பரை அதில் கலக்க வேண்டாம்.

பவானிக்கூடல் எழுதியது:

சேர்ந்தபின் யாரிடம் கொடுப்பது?

பழைய லேப் எழுதியது:

உங்கள் பக்கத்தில் கல்யாண ஆல்பம் போடும் கலர் லேப் இருக்கும். அவர்களில் பலர் இன்றும் இதே ஆர்ஏ-4 பேப்பரில்தான் போடுகிறார்கள். அவர்களிடம் கழிவு பிளிக்ஸ் பேரல் கணக்கில் சேரும், வெள்ளி எடுக்கிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். உங்கள் கேனை அந்தப் பேரலில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அப்படியே பேப்பர் ரோலின் கடைசித் துண்டு மீந்தால் தருவீர்களா என்றும் கேட்டு வையுங்கள் தம்பி. 8 அங்குல ரோல் ஓட்டுகிற லேப் என்றால் உங்கள் டிரம்முக்கு அகலம் அப்படியே சரியாக இருக்கும், நீளத்தை மட்டும் இருட்டில் வெட்டிக்கொண்டால் போதும்.